கோடை விடுமுறையில் குழந்தைகளை இயற்கையோடு பழக்குவது எப்படி?

கோடை விடுமுறை தொடங்கியதும், குழந்தைகளுக்கு இயற்கையைக் காட்ட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் பலர் மலைக்கோ காட்டுக்கோ பயணத் திட்டம் போடுகிறார்கள். பயணத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டே நாளில் ஓர் அருவி, ஒரு காட்சிமுனை, ஒரு பூங்கா என்று ஓடி வரும் குழந்தைக்கு இடங்கள்தாம் நினைவில் தங்கும். அங்கே வாழும் உயிர்கள் தங்குவது அரிது. தொடக்கநிலையில் அதிகப் பயன் தருவது, நடந்து போகும் தொலைவில் உள்ள ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்துகொண்டு, விடுமுறை முழுவதும் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான். நேற்றுவரை தொங்கிக்கொண்டிருந்த கூட்டுப்புழு இன்று வெறும் ஓடாக இருப்பதைக் கண்டு ஒரு குழந்தை வியக்க வேண்டுமானால், நேற்றும் அது அந்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும். இதுவரை இப்படி எதையும் செய்து பார்த்திராத பெற்றோருக்காகவும், விடுமுறையில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்காகவும் அந்த முறை இங்கே விளக்கப்படுகிறது.

வெளியே விளையாடுவது உடம்புக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வோம். அதில் ஒரு பகுதியை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புக் குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. அதில் பாதிப் பள்ளிகளில் மட்டும் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் குழந்தைகளை வெளியில் இருக்கச் செய்தார்கள். மூன்று ஆண்டுகள் கழிந்தபோது, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. கூடுதல் நேரம் வெளியில் இருந்தவர்களில் அது 30.4 விழுக்காடாகக் குறைந்திருந்தது. வெளியில் கிடைக்கும் வெளிச்சமே இதற்கு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. பகலில் மர நிழலில் இருக்கும் வெளிச்சம்கூட வீட்டு அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே இந்தப் பலனுக்காகக் குழந்தையை வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை, நிழலே போதும்.

முதலில் இடம்

நல்ல இடத்துக்கு அழகு முக்கியமில்லை. குழந்தையின் காலால் பத்து நிமிடத்துக்குள் போய்ச் சேர முடிய வேண்டும். நிழல் தரும் மரம் ஒன்றாவது இருக்க வேண்டும். பெருக்கப்படாத சருகும், சிமெண்டு பூசாத மண்ணும், யாரும் வெட்டிச் சீராக்காத புல்லோ புதரோ கொஞ்சம் இருக்க வேண்டும். பளிச்சென்று பராமரிக்கப்படும் புல்வெளியைவிட, கவனிப்பாரற்ற வேலியோரத்தில் பூச்சிகளும் பறவைகளும் அதிகம். வெளியே அப்படி ஓர் இடம் அமையாதவர்கள் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நான்கைந்து தொட்டிச் செடிகளும் பறவைகள் குடிக்க ஓர் ஆழமற்ற தண்ணீர்த் தட்டும் வைத்துத் தொடங்கலாம். தட்டில் தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் கொசுப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைத்தான் குழந்தை கற்றுக்கொள்ளும்.

குழந்தையை அழைத்துப் போவதற்கு முன்னால் ஒரு முறை நீங்கள் தனியே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த கம்பி, மூடப்படாத கிணறு, மரக்கிளையில் தேன்கூடு அல்லது குளவிக்கூடு, அருகிலுள்ள நீர்நிலை ஆகியவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால், அங்கே போனபின் ஒவ்வோர் அடிக்கும் “அங்கே போகாதே, இதைத் தொடாதே” என்று கத்த நேராது. “இந்த மரத்திலிருந்து அந்தக் கல் வரை உன் இடம்” என்று எல்லையைக் காட்டிவிட்டு, அதற்குள் குழந்தையை அதன் போக்கில் விட்டுவிடலாம். தனியார் நிலமாக இருந்தால் உரியவரிடம் முன்பே ஒரு சொல் கேட்டுவிடுவது நல்லது.

நேரமும் வெயிலும்

கோடையில் காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் போவதே பொது விதி. கடிகாரம் இல்லாமல் குழந்தையே சரிபார்க்கக்கூடிய விதி ஒன்றும் உண்டு. தன் நிழல் தன்னைவிட நீளமாக இருந்தால் விளையாடலாம். குட்டையாகிவிட்டால் சூரியன் உச்சிக்கு நெருங்கிவிட்டது, புறஊதாக் கதிர்கள் கடுமையாகிவிட்டன, மரத்தடிக்கோ வீட்டுக்கோ போக வேண்டும். நீங்கள் சொல்லிக் கேட்காத பிள்ளை தன் நிழல் சொன்னால் கேட்கும் என்பது இதில் ஒரு கூடுதல் வசதி. வானிலைச் செயலிகளில் புறஊதாக் குறியீடு தினமும் தரப்படுகிறது. அது 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். சன்ஸ்கிரீன் பூசுவதானால் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்டதைப் புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தையை நேர்வெயிலில் வைத்திருக்கவே கூடாது.

குழந்தைகளின் உடல் பெரியவர்களின் உடலைவிடக் குறைவாகவே வியர்க்கிறது. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் அவர்கள் கவனிப்பதில்லை. தாகம் என்று சொல்லும்வரை காத்திராமல், கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு முறை நீங்களே தண்ணீர் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருந்து பழகிய பிள்ளையின் உடல் வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், முதல் வாரத்தில் இருபது நிமிடம் போதும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்து, ஈரத் துணியால் உடலைத் துடைக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, நடை தடுமாறினாலோ, உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டினாலோ அது வெப்பவாதம்; தண்ணீரை ஊற்றி உடலைக் குளிர்வித்துக்கொண்டே அவசர உதவியை அழைக்க வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை மிகக் குறைவு. தண்ணீர், தொப்பி, மூடிய செருப்பு அல்லது ஷூ, ஒரு சிறு குறிப்பேடு, பென்சில், பூதக்கண்ணாடி. காயத்துக்குக் கட்டும் பட்டையும் முனை மெல்லிய இடுக்கியும் உங்கள் பையில் இருக்கட்டும். கடைகளில் விற்கும் குழந்தைகளுக்கான ஆய்வுப் பெட்டிகளை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவற்றைப் பெற்ற குழந்தை பெட்டியோடு விளையாடுகிறது. எறும்பு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

முதல் சில நாள்கள்: பெரியவர் செய்ய வேண்டியது

பெரும்பாலான பெற்றோர் தடுமாறும் இடம் இதுதான். வெளியே வந்துவிட்டோம், இனி எதையாவது கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற பரபரப்பில், “அதோ பார், இது என்ன மரம் சொல்லு, இலைக்கு ஏன் பச்சை நிறம்?” என்று வகுப்பறையை அங்கேயும் கொண்டுவந்துவிடுகிறார்கள். முதல் நாள்களில் நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் ஓரிடத்தில் உட்கார்ந்து, குழந்தை பார்வையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, கைப்பேசியை எடுக்காமல் இருப்பதுதான். குழந்தை சுள்ளி பொறுக்கும், மண்ணைத் தோண்டும், கல்லை அடுக்கும், பத்து நிமிடத்தில் “போர் அடிக்குது” என்றும் சொல்லும். அந்த இடைவெளியை நிரப்ப உடனே ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் அப்படியே விட்டால், பெரும்பாலும் கண் தரைக்குப் போகும்; தரையில் ஏதாவது ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும்.

சிம்பன்சிகளைப் பற்றிய ஆய்வால் உலகறிந்தவரான ஜேன் குடால், கோழியின் உடம்பிலிருந்து முட்டை எப்படி வெளியே வருகிறது என்று பார்ப்பதற்காகத் தமது நான்கரை வயதில் கோழிக்கூண்டுக்குள் மணிக்கணக்கில் ஒளிந்திருந்ததைப் பல முறை சொல்லியிருக்கிறார். குழந்தையைக் காணவில்லை என்று வீடே பதறித் தேடிக்கொண்டிருந்தது. உடலெங்கும் வைக்கோலோடு திரும்பி வந்த மகளின் கண்ணில் இருந்த பூரிப்பைப் பார்த்த தாய், திட்டாமல் உட்கார்ந்து, முட்டை வந்த கதையை முழுவதும் கேட்டாராம். சொல்லாமல் கொள்ளாமல் ஒளிந்துகொள்வதை நாம் ஊக்குவிக்க வேண்டியதில்லை. அந்தத் தாய் உட்கார்ந்து கேட்டதைப் பின்பற்றலாம். குழந்தை ஒன்றைக் காட்ட ஓடி வரும்போது, அதன் உயரத்துக்குக் குனிந்து, அது சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தாயா?” என்பதுபோல் மறுபடியும் போய்ப் பார்க்கத் தூண்டும் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். விடை தெரிந்திருந்தாலும் உடனே சொல்லாமல் இருப்பது கடினம், பழகிவிடும்.

எதைப் பார்ப்பது?

எறும்பிலிருந்து தொடங்குவது எளிது, ஏனென்றால் எறும்பு இல்லாத இடம் அரிது. எறும்புச் சாரை ஒன்றைக் கண்டால் இரு முனைகளையும் தேடச் சொல்லுங்கள்: ஒரு முனையில் புற்று, மறு முனையில் இரை. பிறகு சாரைக்குக் குறுக்கே, எறும்பு எதையும் நசுக்காமல், ஈர விரலால் தரையை ஒரு முறை துடைத்துவிட்டுக் கவனிக்க வேண்டும். துடைத்த கோட்டை எட்டிய முதல் எறும்பு சட்டென நிற்கும். உணர்கொம்புகளை இப்படியும் அப்படியும் ஆட்டும். சில திரும்பிப் போகும். பின்னால் வருபவை முட்டி மோதும். சிறிது நேரத்தில் ஒன்றிரண்டு எறும்புகள் துணிந்து கோட்டைக் கடக்க, மறுபடி சாரை ஒன்று சேர்ந்துவிடும். முன்னே சென்ற எறும்புகள் தரையில் விட்டுப்போன வேதிப்பொருளின் வாசனைதான் பின்னால் வருபவற்றுக்கு வழி காட்டியது, அதைத்தான் விரல் அழித்தது என்பதைக் குழந்தை தானே ஊகிக்க இரண்டு மூன்று நாள் கொடுங்கள். கடிக்கும் எறும்புகளாக இருந்தால் விரலுக்குப் பதில் ஈரத் துணி சுற்றிய குச்சியைப் பயன்படுத்தலாம். இளந்தண்டுகளில் ஏறி இறங்கும் எறும்புகளைப் பின்தொடர்ந்தால், அங்கே கூட்டமாக அப்பியிருக்கும் அசுவினிப் பூச்சிகளை எறும்பு உணர்கொம்பால் தட்டுவதையும், அவை கசியவிடும் இனிப்புத் துளியைக் குடிப்பதையும் பூதக்கண்ணாடியில் காணலாம்.

மழை படாத மரத்தடியிலோ சுவரோரத்திலோ பொடிமண் இருந்தால், புனலைப் புதைத்ததுபோன்ற சிறு குழிகள் தென்படுகின்றனவா என்று பாருங்கள். அவை குழியானையின் வேலை. குழியின் அடியில் மண்ணுக்குள் புதைந்திருக்கும் அந்தப் புழுவின் தாடைகள் மட்டும் சில சமயம் வெளியே தெரியும். விளிம்பில் ஓர் எறும்பு கால் வைத்துவிட்டால் மண் சரியும். எறும்பு மேலே ஏற முயலும். உடனே கீழேயிருந்து மண் தெறித்து அதை மேலும் சரிக்கும். ஒரு புல் நுனியால் விளிம்பை மெல்லச் சீண்டினாலும் மண்ணை வீசும், எனவே பார்ப்பதற்காக எந்த எறும்பையும் பலிகொடுக்க வேண்டியதில்லை. குழியானை பெரிதாகி, தும்பியைப் போன்ற சிறகுள்ள பூச்சியாகப் பறந்துவிடும் என்று சொன்னால் எந்தக் குழந்தையும் முதலில் நம்பாது. புழுவாக இருக்கும் காலம் முழுவதும் அது கழிவையே வெளியேற்றுவதில்லை, சேர்த்து வைத்திருந்து பூச்சியாக உருமாறிய பிறகுதான் வெளியேற்றுகிறது என்ற தகவலைச் சொன்னால், அன்று வீட்டில் வேறு பேச்சே இருக்காது.

அடுத்து, கால்களை எண்ணும் பழக்கம். ஆறு கால் என்றால் பூச்சி, எட்டு என்றால் சிலந்தி இனம். ஈரச் சருகுக்கு அடியில் வாழும், தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் சாம்பல் நிற உயிரிக்குப் பதினான்கு கால்கள். அது பூச்சியல்ல, நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. மரவட்டைக்கு உடலின் பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு இணைக் கால்கள் உண்டு, பூரானுக்கு ஒவ்வோர் இணைதான். இந்த வேறுபாடு வெறும் பொது அறிவு அல்ல. மரவட்டை மெதுவாக ஊரும், தொட்டால் சுருளும். பூரான் வேகமாக ஓடும், நஞ்சோடு கடிக்கும். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்த குழந்தைக்கு எதிலிருந்து கையை விலக்க வேண்டும் என்றும் தெரியும்.

செடிகளைப் பொறுத்தவரை, அவை அசையாதவை என்பதால் குழந்தைகளுக்குச் சீக்கிரம் சலித்துவிடுகின்றன. அங்கே ஒரு சோதனை உதவும். வெயில் படும் கிளை நுனி ஒன்றை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, வாயை நூலால் கட்டிவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இலைகள் நுண்துளைகள் வழியே வெளியேற்றிய நீர் பையின் உட்புறத்தில் துளிகளாக நிற்கும். பார்த்ததும் பையை அவிழ்த்துவிட வேண்டும். விட்டுவைத்தால் இலைகள் உள்ளேயே வெந்துவிடும். எலுமிச்சை இனச் செடி அருகில் இருந்தால் இலைகளின் மேல் பறவை எச்சம்போல் தெரிவதை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அது எச்சமாகவே இருக்கலாம். வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுவாகவும் இருக்கலாம். புழுவாக இருந்தால் நாள்தோறும் அதைப் போய்ப் பார்ப்பதற்கே விடுமுறையில் சில வாரங்கள் இனிதே கழியும்.

பகலின் வெக்கை தாங்காத நாள்களில் இரவு கைகொடுக்கும். வெளிச்சமான அறையிலிருந்து வெளியே வந்தவுடன் சில விண்மீன்களே தெரியும். கண் இருட்டுக்கு நன்கு பழக இருபது முப்பது நிமிடம் ஆகும் என்பதால், அதுவரை கைப்பேசித் திரையைப் பார்க்காமல் இருப்பதே பாதி வேலை. நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாக உதிப்பதைப் பெரிய குழந்தைகள் குறித்துவைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு முழுநிலவுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 29.5 நாள். சுவர்க்கோழிகளின் சத்தத்தை எண்ணுவதும் நல்ல வேலை. அமெரிக்க இயற்பியலர் ஆமோஸ் டால்பியர் 1897இல், சுவர்க்கோழி கத்தும் வேகத்துக்கும் காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை ஒரு சூத்திரமாகவே எழுதினார். வட அமெரிக்காவின் ஒரு மரச் சுவர்க்கோழி இனத்துக்கு, எட்டு வினாடியில் கேட்கும் ஒலிகளோடு ஐந்தைக் கூட்டினால் செல்சியஸ் வெப்பநிலை ஏறத்தாழக் கிடைக்கும் என்று சொல்வார்கள். மற்ற இனங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் புழுக்கமான இரவில் வேகமாகவும் குளிர்ந்த இரவில் மெதுவாகவும் கத்துகிறதா என்று வெப்பமானியை வைத்துக்கொண்டு, தம் இடத்துக்குரிய கணக்கைக் குழந்தைகளே போட்டுப் பார்க்கலாம்.

தொடுவதற்குச் சில ஒழுங்குகள்

கல்லையோ மரக்கட்டையையோ புரட்டும்போது, எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து நம்மை நோக்கித் தூக்க வேண்டும். அப்போது அடியில் இருப்பது எதுவானாலும் நம்மைவிட்டு விலகி அப்பால் ஓடும். சிறு குழந்தைகளுக்காக இதைப் பெரியவரே செய்து, பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும், ஏனெனில் அது சில உயிர்களின் கூரை. பொந்துக்குள்ளும் புதருக்குள்ளும் கை விடக் கூடாது, எதையும் வாயில் வைக்கக் கூடாது, முடியுள்ள கம்பளிப்பூச்சியைத் தொடக் கூடாது. இந்த மூன்றையும் புறப்படும்போதே சொல்லிவிட வேண்டும். நீண்ட தடைப் பட்டியல் எதுவும் நினைவில் நிற்காது.

வீட்டுக்குக் கொண்டுவருவது உதிர்ந்தவையாக மட்டும் இருக்கட்டும்: இலை, விதை, இறகு, ஓடு. பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் பூங்காக்களிலும் அதுவும் கூடாது. தலைப்பிரட்டையையோ புழுவையோ சில நிமிடம் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விடுவது, வீட்டில் வைத்து வளர்ப்பதைவிட இருவருக்கும் நல்லது. தவளைகளும் தலைப்பிரட்டைகளும் தோல் வழியே பலவற்றை உறிஞ்சிக்கொள்வதால், சன்ஸ்கிரீனோ கொசுவிரட்டிக் களிம்போ பூசிய கையால் அவற்றைத் தொடக் கூடாது. தொட்ட பிறகு நம் நன்மைக்காகச் சோப்பால் கை கழுவ வேண்டும். சிறகு முளைத்த பறவைக் குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் பறக்கப் பழகும் குஞ்சுதான், தாய்ப்பறவை அருகிலேயே இருக்கும். விலகி நின்று பார்ப்பதே உதவி.

குறிப்பேடு

குறிப்பேட்டில் தேதி, நேரம், வெயிலா மேகமா என்ற ஒரு சொல், பிறகு ஒரு படம். அவ்வளவுதான். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வரையும்போதுதான் எத்தனை கால், இலை எதிரெதிராக இருக்கிறதா மாறி மாறி இருக்கிறதா என்று கண் மறுபடி போய்ப் பார்க்கிறது. எழுதத் தெரியாத குழந்தை சொல்வதை நீங்கள் அதன் சொற்களிலேயே எழுதிக்கொடுங்கள், திருத்தாமல். பெயர் தெரிந்துகொள்ளும் ஆசை வந்தபின் கைப்பேசிச் செயலிகள் உதவும். ஐநேச்சுரலிஸ்ட் அமைப்பின் சீக் என்ற செயலி, கணக்கு எதுவும் தொடங்காமலே, படத்தைக் கொண்டு தாவரத்தையும் பூச்சியையும் அடையாளம் காண முயலும்; கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் பறவைகளின் குரலைக் கேட்டுப் பெயரைச் சொல்லும். இரண்டும் சில சமயம் தவறும். வரைந்து முடித்த பிறகே செயலியைத் திறப்பது என்ற ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே பெயர் கிடைத்துவிட்டால் பார்ப்பது அதோடு நின்றுவிடுகிறது.

எதிர்பாராதவை நடந்தால்

தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு தோலிலேயே தங்கி, நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். நகத்தால் வழித்து உடனே எடுத்துவிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்க வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். புல்வெளியில் விளையாடித் திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் தவறு. பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று மெல்லப் பின்வாங்கச் சொல்லிக் கொடுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதோ, கீறுவதோ, உறிஞ்சுவதோ கூடாது. குழந்தையை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நேரே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

கோடை இடிமழைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்பதற்குள் முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். மரத்தடி புகலிடம் அல்ல. நீர்நிலைக்கு அருகில் மட்டும், “அதன் போக்கில் விடுங்கள்” என்று மேலே சொன்னதெல்லாம் பொருந்தாது. தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது. ஆகவே நீந்தத் தெரியாத குழந்தையும் சிறு குழந்தையும் உங்கள் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும்.

வர மறுக்கும் குழந்தை

திரையை விட்டு வர மறுக்கும் குழந்தையிடம், “போனை வைத்துவிட்டு வெளியே போ” என்று சொல்லும்போது வெளியே போவது தண்டனையாகிவிடுகிறது. பரிசு கொடுத்து அழைத்துப் போவதும் அதே தவறுதான், எதிர்ப்பக்கத்திலிருந்து. நாளின் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், பேரம் எதுவும் இல்லாமல், குடும்பமே வெளியே போகும் வழக்கமாக அதை ஆக்கிவிட்டால் ஒரு வாரத்தில் எதிர்ப்பு குறையும். நண்பன் ஒருவனையோ தோழி ஒருத்தியையோ சேர்த்து அழைப்பது பெரும்பாலும் பலிக்கும். பூச்சியைக் கண்டு அருவருக்கும் குழந்தையைக் கட்டாயப்படுத்தாமல், முதலில் பறவை, கல், விதை, நிழல் ஆகியவற்றில் ஈடுபடுத்தலாம். இங்கே பெரியவர்களின் முகமும் கவனிக்கத்தக்கது. நீங்கள் “சீ” என்று முகம் சுளித்தால் குழந்தையும் சுளிக்கும். உங்களுக்கே அருவருப்பு இருந்தால் அதை மறைக்க வேண்டாம், இரண்டடி தள்ளி நின்று குழந்தையைப் பார்க்கவிட்டால் போதும். உடுப்பு அழுக்காகும் என்ற கவலைக்கு மருந்து, இதற்கென்றே இரண்டு பழைய உடுப்புகளை ஒதுக்கிவைப்பது.

பத்து வயதைக் கடந்த பிள்ளைகளில் சிலர், நீங்கள் கூட வருவதையே தடையாக நினைக்கத் தொடங்குவார்கள். இடம் பழகியதாகவும், அங்கே ஆழமான தண்ணீர் இல்லாததாகவும், சாலையைத் தனியே கடக்கத் தெரிந்த பிள்ளையாகவும் இருந்தால், ஒரு துணையோடு அனுப்பிப் பார்க்கலாம். எந்த வழியாகப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்பதைப் போகும் முன் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். முதல் முறை அரை மணி நேரம் போதும். சொன்ன நேரத்துக்குத் திரும்பினால் அடுத்த முறை நேரத்தையும் தொலைவையும் கொஞ்சம் கூட்டுங்கள்; திரும்பாவிட்டால், கோபப்படாமல் முந்தைய அளவுக்கே குறைத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடியும் அனுப்பிப் பாருங்கள்.